அமுக்கியதும் சுட்டதும் கண்ணாடிக்குள் இருக்கும்: வீட்டிலிருந்தே பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருந்த ஒரு கண்ணாடி டம்ளர் போன மழைக்காலத்தில் இரவு பதினொரு மணிக்கு வெடித்தது. யாரும் தொடவில்லை. வீட்டில் பூனையும் இல்லை. காலையில் பெருக்கி அள்ளியபோது எல்லாம் கற்கண்டு போலச் சிறு சிறு கட்டிகள். பி.யு.சி. இரண்டாமாண்டு (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் என் அக்கா மகன், "மாமா, சும்மா இருந்த கண்ணாடி எப்படி உடையும்?" என்று கேட்டான். அது சும்மா இருக்கவில்லை என்றேன். அவன் நம்பவில்லை.

நான் இருபத்தாறு ஆண்டுகள் ஆய்வகங்களுக்குக் குடுவையும் ஆவியைக் குளிர வைக்கும் கண்டென்சரும் ஊதிக் கொடுத்தவன். நம்பாதவனுக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குச் செய்து காட்டியதையும், வீட்டில் செய்ய முடியாததால் சொல்லி மட்டும் விளக்கியதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கண்ணாடி எதனால் ஆனது என்று மட்டும் கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். எவ்வளவு சூடு கண்டது, எந்த வேகத்தில் ஆறியது, எங்கே அமுக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். ஒரே உலையில் உருகிய இரண்டு துண்டுகள் இந்த வரலாறு வேறுபட்டால் இரண்டு பொருள்களாகவே நடந்துகொள்ளும்.

படி 1: முதலில் மனத்தில் ஒரு கோலம்

மார்கழி வாசலில் புள்ளி வைத்துப் போடும் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் வரிசை பிசகாமல் இருக்கும். ஒரு மூலையைப் பார்த்தால் எதிர் மூலையில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். குவார்ட்ஸ் படிகம் அப்படிப்பட்டது. ஒவ்வொரு சிலிக்கான் அணுவையும் சுற்றி நான்கு ஆக்சிஜன்கள் நான்முகி வடிவில் நிற்கும். ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு நான்முகிகளுக்குப் பொதுவான மூலையாக இருக்கும். இந்த அமைப்பு மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கும்.

சிலிக்கானும் ஆக்சிஜனும் மட்டுமே சேர்ந்த சிலிக்கா கண்ணாடியிலும் அதே புள்ளிகள்தான், அதே நான்கு இழைகள்தான். சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள தூரம் இரண்டிலும் ஏறத்தாழ 0.16 நானோமீட்டர். ஆனால் வரிசை போய்விட்டது. தூக்கக் கலக்கத்தில் போட்ட சிக்குக் கோலம் அது. பக்கத்துப் புள்ளியோடு இழை சரியாகச் சேரும். பத்துப் புள்ளி தள்ளி என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. 1932-இல் சக்கரியாசன் (Zachariasen) என்ற அறிவியலாளர் இந்தப் படத்தைத் தெளிவாக வரைந்து காட்டினார்.

இரண்டு நான்முகிகள் சந்திக்கும் ஆக்சிஜன் ஒரு கதவுக் கீல் மாதிரி. நான்முகி எளிதில் நசுங்காது, கீல் எளிதில் மடங்கும். கண்ணாடியில் இந்தக் கீலின் கோணம் சுமார் 120 முதல் 180 டிகிரி வரை பரவிக் கிடக்கிறது. நான்முகிகள் கைகோத்து உண்டாக்கும் வளையங்களும் ஒரே அளவில் இல்லை. மூன்று பேர் சேர்ந்தது, நான்கு பேர் சேர்ந்தது, ஐந்து, ஆறு, ஏழு என்று பலவகை. நடுவில் நிறைய வெற்றிடம். குவார்ட்ஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம், சிலிக்கா கண்ணாடியுடையது 2.20. வெப்பமும் அழுத்தமும் செய்யும் வேலை பெரும்பாலும் இந்தக் கீல்களிலும் வெற்றிடத்திலும்தான் நடக்கிறது.

ஜன்னல் கண்ணாடி தூய சிலிக்கா அல்ல. ஏறத்தாழ 72 விழுக்காடு சிலிக்கா, 14 விழுக்காடு சோடா, 10 விழுக்காடு சுண்ணாம்பு, மிச்சம் சில்லறை. சோடாவில் உள்ள சோடியம் கோலத்தின் இழைகளை ஆங்காங்கே அறுத்துவிட்டு, ஓட்டைகளில் தானே உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் இது குறைந்த சூட்டில் இளகுகிறது. ஓட்டை முன்பே நிரம்பியிருப்பது எட்டாம் படியில் முக்கியமாகும்.

கண்ணாடி என்பது மெல்ல ஒழுகும் திரவம், பழைய தேவாலய ஜன்னல்கள் அடியில் தடித்திருப்பதே சாட்சி என்ற கதையை இந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள். சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகளைக் காட்டி என்னிடமே இதைச் சொன்னவர்கள் உண்டு. பிரேசில் அறிவியலாளர் சனோட்டோ 1998-இல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: அறை வெப்பநிலையில் அப்படி ஒழுகுவதற்குப் பிரபஞ்சத்தின் வயதே போதாது. அக்காலத்துக் கைவினைத் தகடுகள் செய்யப்பட்டபோதே தடிமன் சீராக இருந்ததில்லை, அவ்வளவுதான்.

படி 2: பொருள் சேர்ப்பது

முக்கியமானது போலராய்டு தாள், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள். எஸ்.பி. ரோட்டில் எல்.சி.டி. திரை பழுதுபார்க்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். செத்துப்போன கால்குலேட்டர் திரையிலிருந்து உரித்ததும் போதும். மடிக்கணினியின் எல்.சி.டி. திரையிலிருந்து வருவது ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிரும் ஒளி. ஆகவே ஒரு தாள் போதும்.

கண்ணாடிக் கடையில் 10 அல்லது 12 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வெட்டுத் துண்டு கேளுங்கள். அரிந்து கழித்தது மூலையில் கிடக்கும், இனாமாகவே தருவார்கள். விளிம்பை மட்டும் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். இவற்றோடு பாத்திரத்தின் கண்ணாடி மூடி, நுண்ணோக்கிச் சில்லுகள் (ஸ்லைடுகள்) சில, சோதனைக்குழாய், கண்ணாடிக் கோல், ஜி-கிளாம்ப், பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். என் இடது புருவத்தில் உள்ள தழும்பு அதை விட்ட ஒரு நாளின் பலன்.

மருந்துக் கடையில் ஒரு சிறு புட்டி கிளிசரின் வாங்கிக்கொள்ளுங்கள். போரான் கலந்த, சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணும் கிளிசரினுடையதும் ஏறத்தாழ ஒன்றே, 1.47. போரோசிலிகேட் கோலை அதில் முக்கினால் மறைந்தே போகும். ஜன்னல் வகைக் கண்ணாடி 1.52 என்பதால் தெளிவாகத் தெரியும். கடைக்காரர் என்ன சொல்லி விற்றாலும் கிளிசரின் உண்மையைச் சொல்லிவிடும்.

படி 3: சும்மா இருக்கும் கண்ணாடியைப் பார்ப்பது

திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அறை விளக்கை அணையுங்கள். தாளைக் கண் முன் பிடித்து, திரை கறுப்பாகும் வரை சுழற்றுங்கள். இப்போது திரைக்கும் தாளுக்கும் நடுவே கண்ணாடியை நீட்டுங்கள்.

ஜன்னல் கண்ணாடித் துண்டு இருட்டாகவே இருக்கும். கண்ணாடி மூடியின் விளிம்பும் கைப்பிடித் துளையும் வெண்மையாக ஒளிரும். ஒளிரும் இடத்தில் அணுவலை ஒரு பக்கம் நெருக்கப்பட்டும் மறுபக்கம் இழுக்கப்பட்டும் இருக்கிறது. அதனால் ஒளி இரு திசைகளில் இரு வேகத்தில் போகிறது. இந்த விளைவை ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1815 வாக்கிலேயே கண்டார். உள்ளே பூட்டிக் கிடக்கும் இந்த இழுபறியைப் பாடநூல் தகைவு என்கிறது.

இங்கே மூன்று தவறுகளை எல்லோரும் செய்கிறார்கள். முதலாவது, கண்ணாடியை ஒரே நிலையில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்பது. தகைவின் திசை தாளின் திசையோடு ஒத்துப்போனால் தகைவு இருந்தும் இருட்டாகவே தெரியும். கண்ணாடியை 45 டிகிரி திருப்பிப் பாருங்கள். இரண்டாவது, ஒட்டுநாடாவையும் பிளாஸ்டிக் உறையையும் நீக்காமல் பார்ப்பது. அவையே வானவில் காட்டி ஏமாற்றும். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. டஃபன்டு கண்ணாடித் தகட்டை, அதாவது சூடாக்கித் திடீரெனக் குளிர வைத்து வலுவாக்கிய தகட்டை, நேராக ஊடுருவிப் பார்த்தால் மேற்பரப்பின் நெருக்கமும் நடுப்பகுதியின் இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், எல்லாத் திசையிலும் சமமாகவும் இருக்கும். ஆகவே நடுவில் இருட்டாகத் தெரிந்தால் அது டஃபன்டு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். விளிம்பைப் பாருங்கள்.

போலராய்டு குளிர்கண்ணாடி வைத்திருப்பவர்களுக்கு வீட்டுக்கு வெளியேயும் ஒரு பாடம் இருக்கிறது. சில்க் போர்டு சிக்னலில் மாலை நேரம் எப்படியும் நிற்கத்தான் போகிறீர்கள். முன்னால் நிற்கும் காரின் பின்கண்ணாடியைப் பாருங்கள். சிறுத்தைத் தோல் போல வரிசையாகப் புள்ளிகள் தெரியும். அந்தக் கண்ணாடியைச் சூடாக்கிக் காற்றுக் குழல்களால் திடீரெனக் குளிர வைத்தபோது ஒவ்வொரு குழலும் ஊதிய இடம் அது. கார் எத்தனை ஆண்டு ஓடியிருந்தாலும் அந்தச் சில நொடிகளின் அச்சு அழிவதில்லை. முன்கண்ணாடி பெரும்பாலும் இரண்டு தகடுகளை நடுவே படலம் வைத்து ஒட்டியது. அதில் இந்தப் புள்ளிகள் தெரியா.

படி 4: அமுக்குவது

தடித்த துண்டின் இரு எதிர் விளிம்புகளில் அட்டை வைத்து ஜி-கிளாம்பில் மாட்டுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, திரைக்கு முன்னால் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். அட்டை தொடும் இடத்திலிருந்து ஒளி ஒரு வாழைப்பூ மடல் போல விரியும். 10 மில்லிமீட்டர் தடிமனுக்கு 10 மெகாபாஸ்கல், அதாவது ஏறத்தாழ நூறு வளிமண்டல அழுத்தம், பச்சை ஒளியின் அரை அலைநீளம் அளவுக்குத் தாமதத்தை உண்டாக்கும். இருட்டு நல்ல வெளிச்சமாக மாற அது போதும்.

கிளாம்பைத் தளர்த்துங்கள். ஒளி முழுவதும் அணைந்துவிடும்.

என் மருமகனுக்கு இந்த அணைதல்தான் ஆச்சரியமாக இருந்தது. கீல்கள் மடங்கின, விட்டதும் நிமிர்ந்தன. எந்தக் கீலும் தன் இடத்தை விட்டு வேறு கீலோடு சேரவில்லை. அறை வெப்பநிலையில் கையால் தரக்கூடிய அழுத்தம் கண்ணாடியின் அமைப்பில் எதையும் எழுத முடியாது. எழுத வேண்டுமென்றால் ஒன்று சூடு வேண்டும், அல்லது இதைவிட ஆயிரம் மடங்கு அழுத்தம் வேண்டும்.

படி 5: சூடாக்குவதும் ஆற்றுவதும்

என் தொழிலின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. கொஞ்சம் நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனிக்கட்டிக்கு உருகுநிலை என்று ஒரு புள்ளி உண்டு. கண்ணாடிக்கு அப்படி ஒன்று இல்லை. சூடு ஏற ஏற அது சர்க்கரைப் பாகு போலப் படிப்படியாக இளகும். அதனால் கண்ணாடித் தொழிலில் வெப்பநிலைகளைப் பாகுத்தன்மையால் குறிக்கிறோம். தண்ணீரின் பாகுத்தன்மை 0.001 பாஸ்கல்-நொடி. சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் 1000 பாஸ்கல்-நொடிக்கு வரும். அதுதான் ஊதி உருக்கொடுக்கும் பதம். 720 டிகிரி அளவில் தன் எடையிலேயே தொய்யும். 545 டிகிரி அளவில் பாகுத்தன்மை 10-இன் 12-ஆம் அடுக்கு. பார்வைக்குக் கல் மாதிரி இருந்தாலும், உள்ளே பூட்டிய தகைவு பதினைந்து நிமிடத்தில் கரைந்துவிடும். இதைத்தான் அனீலிங் புள்ளி என்கிறோம். 510 டிகிரி அளவுக்கு இறங்கினால் அதே வேலைக்கு நான்கு மணி நேரம் ஆகும். அதற்குக் கீழே கோலம் உறைந்துவிட்டது என்று கொள்ளலாம். போரோசிலிகேட்டுக்கு அனீலிங் புள்ளி 560, தொய்யும் இடம் 820 அளவில்.

இப்போது செய்முறை. கிளிசரினில் தெளிவாகத் தெரிந்த கோலை, அதாவது சோடா வகையை, எடுத்துக்கொள்ளுங்கள். கை டார்ச்சின் சுடரில் முதலில் தூரத்தில் காட்டி, விடாமல் உருட்டிக்கொண்டே நெருங்குங்கள். அவசரப்பட்டால் தெறிக்கும். சுடர் பளீரென மஞ்சளாகும். கண்ணாடியிலிருந்து கிளம்பும் சோடியத்தின் நிறம் அது. கோல் தொய்ந்ததும் சற்று இழுத்து இடுப்பு போலச் சுருக்கி, ஓட்டுத் துண்டின் மேல் வைத்து ஆற விடுங்கள். சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கால் மணி நேரம் தொடாதீர்கள்.

திரைக்கு முன் பிடித்தால், சுடர் பட்ட இடம் மட்டும் ஒளிர்வதைக் காண்பீர்கள். மேல்தோல் முதலில் ஆறி இறுகிவிட்டது. உள்ளே இருந்தது பிறகு ஆறிச் சுருங்கப் பார்த்தது, தோல் விடவில்லை. அந்த இழுபறி அப்படியே உறைந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு நாள் முழுக்க உழைத்து ஊதிய கண்டென்சர் ஒன்றைச் சரியாக ஆற்றாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனேன். காலையில் அது இரண்டாக இருந்தது. என் ஆசான் திட்டவில்லை. "பாலைக்கூட ஆற்றித்தானே குடிக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார்.

ஆற்றும் முறை இது. களிமண் வேலை செய்பவர்களின் மின் உலை ஒன்றில் இடம் கேட்டு, கோலை உள்ளே வைத்து மெதுவாக 550 டிகிரிக்கு ஏற்றுங்கள். 6 மில்லிமீட்டர் கோலுக்கு அரை மணி நேரம் அதே சூட்டில் வைத்திருந்தால் தாராளம். பிறகு நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் 480 வரை இறக்குங்கள். 300 வரை அதன் இரு மடங்கு வேகம் போதும். அதன்பின் உலையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசை வரும். அதை அடக்கத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலில் நிலைப்பதில்லை. தடிமன் இரு மடங்கானால் இறக்கும் வேகம் நான்கில் ஒரு பங்காக வேண்டும். மறுநாள் திரைக்கு முன் பிடித்தால் கோல் முழுவதும் இருட்டு.

தகைவு மட்டும்தான் மாறியது என்று நினைக்க வேண்டாம். மெதுவாக ஆறிய கண்ணாடியில் அணுக்கள் வசதியாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. சோடா கண்ணாடி அப்போது சற்றே அடர்த்தியாகிறது. வேகமாக ஆறினால் அதிக சூட்டில் இருந்த தளர்ந்த அமைப்பே உறைந்துவிடும். ஒரு கண்ணாடி எந்த வெப்பநிலையின் அமைப்பைச் சுமந்து நிற்கிறதோ, அதை அதன் கற்பித வெப்பநிலை என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்தர் டூல் 1940-களில் பெயரிட்டார். அறையில் 25 டிகிரியில் கிடக்கும் ஒரு துண்டு 560 டிகிரியின் அமைப்போடு இருக்கலாம். பக்கத்துத் துண்டு 530-இன் அமைப்போடு. தூய சிலிக்கா இங்கே ஒரு முரண்டு பிடிக்கும். வேகமாக ஆறிய சிலிக்காதான் அடர்த்தி கூடியது. சூட்டில் மூன்று, நான்கு நான்முகிகளின் சிறு வளையங்கள் பெருகுகின்றன. சிறு வளையம் இடத்தை அடைக்காது, அதனால் மொத்தம் நெருங்கிவிடுகிறது.

படி 6: காபிக் கணக்கு

இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். பெங்களூரின் மழை நாள், டம்ளர் 20 டிகிரி, பை-டூ காபி 80 டிகிரி. வேறுபாடு 60. உள்சுவர் விரியப் பார்க்கும், வெளிச்சுவர் தடுக்கும். மீள்குணகத்தையும் (விறைப்பின் அளவு) விரிவெண்ணையும் (ஒரு டிகிரிக்கு விரியும் அளவு) வெப்பநிலை வேறுபாட்டையும் பெருக்கி, 1-இலிருந்து பாய்சான் விகிதத்தை (இழுத்தால் குறுக்கே எவ்வளவு ஒடுங்கும் என்ற விகிதம்) கழித்து வருவதால் வகுத்தால் தகைவின் மேல்வரம்பு கிடைக்கும். சோடா கண்ணாடிக்குச் சுமார் 48 மெகாபாஸ்கல். போரோசிலிகேட்டின் விரிவெண் மூன்றில் ஒரு பங்கு என்பதால் 16. தூய சிலிக்காவுக்கு 3 மட்டுமே. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் அது தாங்கும். கீறல் விழுந்த பழைய டம்ளருக்கு 48 என்பது ஆபத்தான எண். டம்ளர் தடித்திருந்தால் உறுதி என்று நினைப்பது தவறு. தடித்த சுவரில் சூடு மறுபக்கம் போய்ச் சேரத் தாமதமாகும். வேறுபாடு முழுவதும் நீடிக்கும்.

படி 7: இழுபறியை வேண்டுமென்றே பூட்டுவது

ஐந்தாம் படியில் குற்றமாக இருந்ததை ஆலைகள் நல்லதாக மாற்றிக்கொண்டன. தகட்டை ஏறத்தாழ 620 முதல் 650 டிகிரிக்குச் சூடாக்கி, இருபுறமும் காற்றை அடித்து நொடிகளில் இறுக்குகிறார்கள். மேல்தோல் நெருக்கத்தில் உறைகிறது, 69 மெகாபாஸ்கலோ அதற்கு மேலோ. நடுப்பகுதி அதில் பாதி அளவு இழுப்பில் இருக்கிறது. கண்ணாடி இழுத்தால்தான் உடையும். மேல்தோலின் கீறல்களை நெருக்கம் மூடிவைத்திருப்பதால் நான்கைந்து மடங்கு வலிமை கிடைக்கிறது. கைப்பேசிக் கண்ணாடிக்குக் காற்று உதவாது, அது மிக மெல்லியது. ஏறத்தாழ 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் ஊற வைக்கிறார்கள். சிறிய சோடியம் வெளியேற, அந்த இடத்தில் பருத்த பொட்டாசியம் வந்து உட்கார்கிறது. மூவர் இருக்கையில் மூன்று பருமனானவர்களை உட்கார வைத்தது போன்ற நெருக்கம்.

பட்டறையில் உருகிய சோடா கண்ணாடியைத் தண்ணீர் வாளியில் சொட்ட விடுவோம். வால் முளைத்த துளி கிடைக்கும். தலையில் சுத்தியால் அடித்தாலும் தாங்கும். வாலைக் கிள்ளினால் மொத்தமும் தூளாகும். 1994-இல் சந்திரசேகர், சௌத்ரி என்ற இருவர் அதிவேகப் படமெடுத்து, வாலிலிருந்து பிளவு நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டர் அளவு வேகத்தில் தலைக்குப் பாய்வதைக் காட்டினார்கள். வீட்டில் செய்ய வேண்டாம். தூள் கண்ணுக்குத்தான் வரும்.

இப்போது எங்கள் டம்ளர். அதுவும் இப்படி இழுபறி பூட்டிய கண்ணாடிதான். ஆண்டுக்கணக்கில் கம்பி நார் போட்டுத் தேய்த்த கீறல்கள் அதில் இருந்தன. காற்றின் ஈரம் கீறலின் முனையில் இழுபட்டு நிற்கும் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை ஒவ்வொன்றாக அறுக்கும். கீறல் நெருக்கப் பகுதியைத் தாண்டி இழுப்புப் பகுதியைத் தொட்ட நொடியில் பூட்டிவைத்த அத்தனையும் அவிழும். அது ஏன் அன்றிரவு பதினொரு மணி என்று கேட்டால், பிளவு நடந்து வந்து சேர்ந்த நேரம் அது. கட்டடக் கண்ணாடிகளில் வேறொரு காரணமும் உண்டு: உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்ஃபைடு துகள் ஆண்டுகள் கழித்து மெல்லப் பருத்து நடுப்பகுதியைக் கீறிவிடும்.

படி 8: உண்மையான அழுத்தம்

குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே கூடுதலாக இருப்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டலம். ஒரு ஜிகாபாஸ்கல் என்பது அதைப் போலப் பத்தாயிரம். இந்தப் படியை வீட்டில் செய்ய முடியாது, ஆனால் இது இல்லாமல் கதை முழுமையாகாது.

அமெரிக்க இயற்பியலாளர் பெர்சி பிரிட்ஜ்மன் 1953-இல் கண்ணாடியை மிக உயர்ந்த அழுத்தத்தில் நசுக்கிய முடிவுகளை வெளியிட்டார். சிலிக்கா கண்ணாடி சுமார் 10 ஜிகாபாஸ்கல் வரை நம் கிளாம்பு சோதனை மாதிரியே நடந்துகொண்டது. விட்டால் பழையபடி ஆனது. அதைத் தாண்டினால் திரும்பவில்லை. பின்னாளில் 20 ஜிகாபாஸ்கலுக்கு மேல் போய்ப் பார்த்தபோது, விட்ட பிறகும் ஏறத்தாழ 20 விழுக்காடு அடர்த்தி கூடியே நின்றது. குவார்ட்ஸ் படிகத்தின் அடர்த்தியை எட்டிவிட்டது, ஆனாலும் கண்ணாடிதான். கீல்கள் மடங்கியதோடு நிற்காமல் பிணைப்புகள் அறுந்து வேறு துணையோடு சேர்ந்து, வெற்றிடத்தை விழுங்கிவிட்டன. ஜன்னல் கண்ணாடி இப்படிச் சில விழுக்காடுதான் சுருங்கும். ஓட்டைகளில் சோடியம் முன்பே குடியேறிவிட்டது என்று சொன்னேனே, அதுதான் காரணம்.

இடையில் ஒரு வேடிக்கை. பொதுவாகப் பொருள்கள் அமுக்க அமுக்க விறைக்கும். சிலிக்கா கண்ணாடி முதல் 2, 3 ஜிகாபாஸ்கல் வரை அமுக்க அமுக்க மேலும் எளிதாக அமுங்கும். வளையங்கள் ஒரு முறை நெளியத் தொடங்கிவிட்டால் மேலும் நெளிவது சுலபம்.

இன்னும் மேலே போக வைர அழுத்தி வந்தது. 1958-இல் அதே அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த வைரங்களைக் கொண்டு அதை உருவாக்கினார்கள். இரண்டு வைர முனைகளுக்கு நடுவே மணல் துகளளவு கண்ணாடி; வைரம் ஒளிபுகும் என்பதால் நசுங்கும்போதே பார்க்கலாம். 40 ஜிகாபாஸ்கலை நெருங்கும்போது சிலிக்கானைச் சுற்றி நான்குக்குப் பதில் ஆறு ஆக்சிஜன்கள். கோலத்தின் விதியே மாறிவிடுகிறது. ஆனால் அழுத்தத்தை விட்டால் மறுபடி நான்குதான். சுருங்கியது நிற்கும், ஆறு நிற்காது.

அமைப்பு மாறியதை எப்படி அறிகிறார்கள்? அதற்கான கருவிக்கு நம்மூர்க்காரர் பெயர். திருச்சியில் பிறந்து, 1933-இல் பெங்களூருக்கு வந்து, 1948-இல் மேக்ரி சர்க்கிள் அருகே தம் ஆய்வுக் கழகத்தைத் தொடங்கிய சி.வி. ராமன். அவர் கண்ட ஒளிச்சிதறலில் சிலிக்கா கண்ணாடி 440 அலை எண் (ஒளியின் ஆற்றல் மாறும் அளவைக் குறிக்கும் எண்) அருகே ஓர் அகன்ற மேடும், 490, 606 அருகே இரண்டு கூர்முனைகளும் காட்டும். கூர்முனைகள் நான்கு பேர், மூன்று பேர் சேர்ந்த வளையங்களின் குரல். கண்ணாடியை நசுக்கினாலும் வேகமாக ஆற்றினாலும் 606 ஓங்கும். ஒரு துண்டு எந்த வரலாற்றைக் கடந்து வந்தது என்பதை உடைக்காமலே படித்துவிடலாம்.

வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தால் வேலை எளிது. 1000 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக்கொண்டு அமுக்கினால் 5 ஜிகாபாஸ்கல் அளவிலேயே சிலிக்கா நிரந்தரமாக நெருங்கிவிடும். பிணைப்பை அறுக்கும் செலவில் ஒரு பங்கைச் சூடு ஏற்றுக்கொள்கிறது. போரான் கலந்த கண்ணாடியில் இரண்டும் எதிரெதிரே இழுக்கும்: அழுத்தம் மூன்று ஆக்சிஜன்களோடு இருக்கும் போரானுக்கு நான்காவதைச் சேர்க்கும், சூடு அதைப் பிரித்துவிடும்.

உருகாமலே கண்ணாடியாவதும் உண்டு. 1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் ஒரு விண்கல் விழுந்தது. செவ்வாயிலிருந்து வந்தது என்று பின்னாளில் தெரிந்தது. அதிலிருந்த ஃபெல்ட்ஸ்பார் படிகம் மோதலின் அழுத்தத்திலேயே வரிசை குலைந்து கண்ணாடியாகியிருந்தது. 1872-இல் அதற்கு மாஸ்கலினைட் என்று பெயரிட்டார்கள். மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரிப் பள்ளத்திலும் அது இருக்கிறது.

படி 9: கண்ணாடி அறுப்பானும் உலையும்

வீட்டில் ஜிகாபாஸ்கல் முடியாது என்றேன். ஓர் இடத்தில் முடியும். கடைக்காரர் கையில் உள்ள கண்ணாடி அறுப்பானின் கடினச் சக்கரம் தொடும் இடம் மிகச் சிறியது; அங்கே அழுத்தம் சில ஜிகாபாஸ்கலை எட்டும். சக்கரத்தின் கீழே கண்ணாடி நொறுங்குவதற்கு முன் நெருங்குகிறது, கொஞ்சம் பக்கவாட்டில் பிதுங்குகிறது. அந்தப் பள்ளம் திரும்ப நிமிரப் பார்த்து, அடியில் ஒரு செங்குத்துப் பிளவைத் திறந்துவிடும். கோடு போட்ட உடனே உடைத்துவிட வேண்டும், ஆற விட்டால் கோணலாகப் போகும் என்று கடைக்காரர்கள் சொல்வது அனுபவம். பலமாக அழுத்தினால் நன்றாக வெட்டும் என்பது புதியவர்களின் நினைப்பு. பக்கவாட்டுச் செதில்கள்தான் பறக்கும். கிறீச்சென்ற மெல்லிய, சீரான ஒலி வந்தால் அழுத்தம் சரி.

இரண்டு நுண்ணோக்கிச் சில்லுகளில் மெலிதாக ஒவ்வொரு கோடு போடுங்கள், உடைக்க வேண்டாம். ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதை ஐந்தாம் படி உலையில் 500 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, அதே நிதானத்தில் ஆற்றுங்கள். பள்ளிக்கூட நுண்ணோக்கியில் சில்லுக்கு மேலும் கீழும் போலராய்டு வைத்து இரண்டையும் பாருங்கள். சுடாத சில்லில் கோட்டின் இருபுறமும் வெண்மையான பட்டை ஒளிரும். சுட்ட சில்லில் அது மங்கியோ முழுவதும் மறைந்தோ இருக்கும். பள்ளமும் ஆழம் குறைந்திருக்கும். நெருங்கியதால் ஏற்பட்ட பங்கு சூட்டில் நிமிர்ந்துவிடும். பிதுங்கியதால் ஏற்பட்ட பங்கு அப்படியே நிற்கும்.

என் மருமகன் சுட்ட சில்லை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாதி மறந்துவிட்டது மாமா" என்றான். இரண்டு சில்லுகளையும் பஞ்சு வைத்துத் தீப்பெட்டியில் மூடி, மேலே தேதி எழுதி, டம்ளர் இருந்த அதே அலமாரியில் வைத்திருக்கிறான்.